ஓவர்க்ளொக் ஆகாத புரொசெசர் பழுதான புரொசெசரா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பம்பலப்பிட்டியில் ஐ5-13600கே புரொசெசரும், இசட்790 மதர்போர்ட்டும், 6400 வேக டிடிஆர்5 ரேம் ஒரு சோடியும் வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு 5.6 கிகாஹேர்ட்ஸ் போகும் என்று கடையில் சொன்னார்கள். காணொளிகளிலும் அப்படித்தான் ஓடுகிறது. என்னுடையதோ 5.6இல் விண்டோஸ் வரை வந்து, விளையாட்டைத் திறந்ததும் நின்றுவிடுகிறது. 5.4இலும் இடைக்கிடை நிற்கிறது. பிறகு இன்னொரு சோடி ரேம் வாங்கிப் போட்டேன். இப்போது 6400 எடுபடவே இல்லை. பழுதான சாமானை என் தலையில் கட்டிவிட்டார்களா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?"

ஓவர்க்ளொக், அதாவது உற்பத்தியாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஓட விடுவது, 5.6 வரை எடுபடவில்லை என்பதற்காகப் புரொசெசரை மாற்றித் தரச் சொல்ல முடியாது, தம்பி. ரேம் விடயத்தில் பாதி கேட்கலாம். ஆனால் இந்த இரண்டையும்விட முக்கியமான மூன்றாவது விடயம் ஒன்று இருக்கிறது. அது உங்கள் புரொசெசருக்கும் பொருந்தினால், கேட்காமல் விடவே கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மற்ற இரண்டும் தெளிய வேண்டும்.

உங்கள் புரொசெசருக்கு இன்டெல் அறிவித்த அடிப்படை வேகம் 3.5 கிகாஹேர்ட்ஸ். வேலை கூடும்போது தானாக வேகம் ஏறும் டர்போவில், பெரிய கோர்கள் (கணக்குப் போடும் பகுதிகள்) 5.1 வரை போகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது அவ்வளவுதான். பெயரின் வாலில் நிற்கும் 'கே' என்ற எழுத்து, வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கி எண்ணின் பூட்டு திறந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. திறந்த பின் எவ்வளவு தூரம் ஏறும் என்பதற்கு இன்டெல் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உங்களுடையது 5.2க்கு மேல் ஓர் அடியும் நகராவிட்டாலும் அது நல்ல சாமான். தானாகவே 5.1க்குப் போய் அங்கே தடுமாறினால் அது பழுது. இந்தக் கோட்டை மனத்தில் போட்டுக்கொண்டால் கடைக்காரரோடு வீணாக மல்லுக்கட்ட வேண்டியிராது. உரிமை உள்ள இடத்தில் உறுதியாக நிற்கவும் முடியும்.

காணொளியில் ஓடுவது உங்களிடம் ஏன் ஓடவில்லை? ஒரே சிலிக்கன் தட்டில் பக்கத்துப் பக்கத்தில் உருவான இரண்டு சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. டிரான்சிஸ்டர்களின் அளவிலும் மின்கசிவிலும் மிக நுண்ணிய வேறுபாடுகள் உண்டு. ஒரு சில்லு 5.5க்கு 1.25 வோல்ட்டில் திருப்திப்படும். இன்னொன்று அதே வேகத்துக்கு 1.35 கேட்கும், மூன்றாவது எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. உற்பத்தியாளர் இவற்றைச் சோதித்துத் தரம் பிரித்த பிறகுதான் பெயர் சூட்டுகிறார். 13900கே, 13700கே, 13600கே மூன்றுக்கும் அடித்தளம் ஒரே சில்லு. உங்களுடையதில் இரண்டு பெரிய கோர்களும் எட்டுச் சிறிய கோர்களும் அணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகச் சிறந்தவற்றைப் பொறுக்கியெடுத்து, 2023 ஜனவரியில் 13900கேஎஸ் என்ற பெயரில் 6 கிகாஹேர்ட்ஸ் என்று அச்சிட்டே விற்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழக் கூடையில் முதல் தரத்தைப் பொறுக்கித் தனி விலைக்கு விற்றாகிவிட்டது. மிச்சக் குவியலிலும் அதே பழம் கிடைக்கலாம், ஆனால் கிடைத்தே தீர வேண்டும் என்று யாரிடமும் வழக்காட முடியாது.

ஒரு காலத்தில் அப்படி எதிர்பார்க்க நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் இன்டெல் செலெரோன் 300ஏ என்ற மலிவான புரொசெசரை வெளியிட்டது. அதன் பெருக்கி 4.5இல் பூட்டப்பட்டிருந்தது, ஆனால் அந்தப் பெருக்கியால் பெருக்கப்படும் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினால் 300 மெகாஹேர்ட்ஸ் புரொசெசர் 450இல் ஓடியது. ஏராளமானவர்களிடம் அது ஓடியது. ஒன்றரை மடங்கு வேகம், ஒரு சதமும் கூடுதலாகச் செலவில்லாமல்! 2011இல் வந்த ஐ5-2500கே டர்போவில் 3.7 மட்டுமே போகும். நல்ல கூலர் ஒன்றைப் பூட்டி 4.5இல் ஓட விட்டவர்கள் எண்ணற்றோர். அந்தக் காலத்தில் உற்பத்தியாளர்கள் பெரிய இடைவெளியை விட்டுவைத்துத்தான் விற்றார்கள். அந்த இடைவெளியைத்தான் நாம் ஓவர்க்ளொக் என்ற பெயரில் எடுத்துக்கொண்டோம்.

இன்று அதை உற்பத்தியாளரே எடுத்துக்கொண்டுவிட்டார். டர்போ என்பது வேறென்ன? வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் ஒவ்வொரு கணமும் அளந்து, சில்லு தாங்கக்கூடிய எல்லை வரை தானாக ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை, முழுப் பாரத்தில் 95 பாகை செல்சியஸ் வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் நம் கைக்கு எஞ்சுவது சொற்பம். சில்லுகளை வாங்கி, சோதித்து, எட்டிய வேகத்தை எழுதி விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்த சிலிக்கன் லொட்டரி என்ற அமெரிக்கக் கடை 2021இல் மூடப்பட்டது. ஓவர்க்ளொக் செய்து கெட்டுப்போகும் புரொசெசருக்கென்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு இன்டெல் 2012இலிருந்து நடத்திய பாதுகாப்புத் திட்டமும் அதே 2021இல் நிறுத்தப்பட்டது. அந்தத் திட்டம் இருந்ததே ஒரு சாட்சி: சாதாரண உத்தரவாதம் அந்தச் சேதத்தை ஏற்பதில்லை என்பதால்தான் அதைத் தனியாக விற்றார்கள். ஏஎம்டியும் அப்படியே. தானே தரும் மென்பொருளால் வேகத்தைக் கூட்டி அதனால் சேதம் வந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்று எழுதி வைத்திருக்கிறது.

இனிக் கொழும்பின் வெயிலுக்கு வருவோம். வெளிநாட்டுக் காணொளிகளை நம்பி இங்கே சாமான் வாங்குபவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான். எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராக்காது. அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை பாகை என்பதே அதன் திறமை. பரிசோதகர் 21 பாகை அறையில் அமர்ந்து, புரொசெசர் 90 பாகை காட்டுகிறது என்று மகிழ்கிறார். வெள்ளவத்தையில் மாடி அறையொன்றில் பிற்பகல் மூன்று மணிக்கு 31 பாகை இருக்கும். அதே கூலர், அதே வோல்ட், அதே பாரம்: உங்கள் புரொசெசர் 100ஐத் தொடும். 13600கேயின் எல்லை 100 பாகை. அதைத் தொட்டதும் அது தானாக வேகத்தைக் குறைக்கும். ஏற்றிய வேகம் திரையில் எழுத்தாக மட்டும் இருக்கும். குளிரூட்டி போட்டால் சரியாகும்தான். ஆனால் மின்கட்டணப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பகலில் புரொசெசருக்காகக் குளிரூட்டி போடும் வீடு எத்தனை இருக்கும்?

வெப்பம் எப்படி ஏறுகிறது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சில்லு தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர்விகிதத்தில் ஏறும். வோல்ட்டோடு அதன் வர்க்கத்தில் ஏறும். 5.1இலிருந்து 5.5க்குப் போவது ஏறத்தாழ 8 சதவீதம். அதற்காக வோல்ட்டை 1.20இலிருந்து 1.32க்கு, அதாவது 10 சதவீதம், கூட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1.08ஐ 1.21ஆல் பெருக்குங்கள்: 30 சதவீதத்துக்கு மேல் கூடுதல் மின்சாரம். டர்போவில் இந்தப் புரொசெசருக்கு இன்டெல் குறித்திருக்கும் 181 வொட், 235ஐத் தாண்டும். அந்த 8 சதவீதமாவது விளையாட்டில் தெரியுமா என்றால், கிராபிக்ஸ் கார்ட் முழு மூச்சில் ஓடும் விளையாட்டுகளில் ஒன்றும் தெரியாது.

காணொளி செய்பவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏறியவர் படம் எடுத்துப் போடுகிறார்; ஏறாதவர் பேசாமல் இருந்துவிடுகிறார். ஆகவே கண்ணில் படுவதெல்லாம் ஏறியவையாகத்தான் இருக்கும். அதோடு, ஏறியது என்று அவர்கள் சொல்வதற்கும் நிலையாக ஓடுகிறது என்று நான் சொல்வதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஒரு முறை ஓடி முடிந்தால் அவர்களுக்குப் போதும். உங்களுக்குப் போதாது.

கொட்டாஞ்சேனையில் திருமண வீடியோ தொகுக்கும் ஒருவரின் கணினி ஒரு முறை என் மேசைக்கு வந்தது. நாள் முழுவதும் விளையாடினாலும் நிற்காத கணினி. ஆனால் தொகுத்து முடித்ததைச் சுருக்கி வெளிவட்டில் போட்டுக் கொடுத்தால், வாங்கிப் போனவரின் வீட்டில் திறக்கும்போது கோப்பு பழுது என்று வருகிறது. எல்லாக் கோப்பும் இல்லை, எப்போதாவது ஒன்று. அவர் வட்டைச் சந்தேகித்து வட்டை மாற்றியிருந்தார். பிறகு கேபிளையும் மாற்றியிருந்தார். நான் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓட விட்டேன். முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. இரண்டாம் சுற்றின் நடுவில் ஒரேயொரு பிழை வரி விழுந்தது. எழுதிய எண்ணையும் திரும்பப் படித்த எண்ணையும் அருகருகே காட்டியிருந்தது. இரண்டுக்கும் ஒரேயொரு பிட் வித்தியாசம். ரேமை 3600இலிருந்து 3200க்கு இறக்கினேன். இரவு முழுக்க ஓட விட்டும் அந்த வரி மறுபடி விழவில்லை. ஒரு பிட் தவறினால் விளையாட்டில் சுவரின் நிறம் ஒரு கணம் மாறும், யாரும் கவனிக்க மாட்டார்கள். தாலி கட்டும் காட்சி இருக்கும் கோப்பில் தவறினால்? திரும்ப எடுக்க முடியாத காட்சி அது. ஓவர்க்ளொக் செய்த கணினியில் வேலை பார்ப்பவர்களிடம் நான் கடுமையாகப் பேசுவது இதனால்தான். நின்றுபோகும் கணினி உங்களை எச்சரிக்கிறது. நிற்காமல் தவறாகக் கணக்குப் போடும் கணினியே ஆபத்தானது.

ரேமுக்கு நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அதன் உறையில் 6400 என்று அச்சிட்டிருக்கிறார்களே! இங்கே எண்ணைச் சொன்னது நண்பரோ காணொளியோ அல்ல, உற்பத்தியாளரே. ஆனால் அந்த எண், எக்ஸ்எம்பி என்ற அமைப்பை, மதர்போர்ட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில் இயக்கினால் மட்டும் வருவது. அதுவும் ஓவர்க்ளொக் கணக்கில்தான் சேரும். உங்கள் புரொசெசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு இன்டெல் உறுதி தரும் வேகம் 5600. மதர்போர்ட் பெட்டியிலும் பெரிய எண் ஒன்று இருக்கும். அதன் அருகே சிறிய எழுத்தில் ஓசி, அதாவது ஓவர்க்ளொக், என்றும் இருக்கும். எண்ணைப் பெரிதாகவும் நிபந்தனையைச் சிறிதாகவும் அச்சிடும் இந்தப் பழக்கம் எனக்குச் சற்றும் பிடிப்பதில்லை. வாங்குபவர் ஏமாறுவது அந்த எழுத்தின் அளவில்தான்.

ஆகவே இப்படிப் பாருங்கள். முதலில் வாங்கிய ஒரு சோடியை மட்டும், மதர்போர்ட் கையேடு சொல்லும் இரண்டு துளைகளில் போடுங்கள். அந்த ரேமின் மாதிரி எண் மதர்போர்ட் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் இருந்து, பயோஸும் புதியதாக இருந்து, அப்படியும் 6400இல் பிழை வந்தால், கடைக்குக் கொண்டுபோய் வேறு கணினியில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அங்கும் பிழை வந்தால் ரேம் பழுது. மாற்றித் தர வேண்டியது அவர்கள் கடமை. அங்கே ஓடினால் உங்கள் புரொசெசரோ மதர்போர்ட்டோ அந்த வேகத்தைத் தாங்கவில்லை. 6000க்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் உங்களுக்குத் தெரியாது. பிறகு வாங்கிய இரண்டாவது சோடியைப் பற்றி யாரிடமும் முறையிட முடியாது. இரண்டு ரேம் தண்டுகளைச் சேர்த்துச் சோதித்துத்தான் ஒரு பொதியாக விற்கிறார்கள். தனித்தனியாக வாங்கிய இரண்டு பொதிகள் சேர்ந்து ஓடும் என்று எந்த நிறுவனமும் சொல்வதில்லை. நான்கு தண்டு போட்டாலே வேகம் சரியும். ரைசன் 7000 வரிசையில் இரண்டு தண்டுக்கு 5200 என்று உறுதி சொல்லும் ஏஎம்டி, நான்கு தண்டுக்கு 3600 என்றே குறித்திருக்கிறது. 64 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 32 ஜிபி தண்டுகளை ஒரே பொதியாக வாங்க வேண்டும். இரண்டாவது சோடியை விற்றுவிடுங்கள்.

இப்போது அந்த மூன்றாவது விடயம். 5.4இலும் இடைக்கிடை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசெசர்களில் ஒரு கோளாறு இருந்தது. புரொசெசரின் உள்கட்டளைத் தொகுப்பான மைக்ரோகோட் சில சந்தர்ப்பங்களில் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டது. அந்த உயர்ந்த வோல்ட்டும் வெப்பமும் சில்லுக்குள் ஒரு சுற்றைத் தேய்த்து, முன்பு போதுமாக இருந்த வோல்ட் பிறகு போதாமல் போனது. ஓவர்க்ளொக்கே செய்யாதவர்களின் கணினிகளும் நின்றன. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்திய மைக்ரோகோட்டை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டியது. பெட்டியில் வந்த புரொசெசருக்கு மூன்றாண்டு ஐந்தாண்டாயிற்று. 13600கே அந்தப் பட்டியலில் இருக்கிறது. திருத்தம் மேலும் தேயாமல் தடுக்கும். ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது.

ஆகவே இன்றே செய்யுங்கள். மதர்போர்ட் நிறுவனத்தின் தளத்திலிருந்து புதிய பயோஸை ஏற்றுங்கள். இன்டெல் இயல்பு அமைப்பு என்று அதில் இருப்பதைத் தெரிவு செய்யுங்கள். எக்ஸ்எம்பியை நிறுத்துங்கள், ஒரு சோடி ரேம் மட்டும் இருக்கட்டும். வேகத்தையோ வோல்ட்டையோ கையால் தொடாதீர்கள். பிறகு புரொசெசருக்கு முழுப் பாரம் கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடி அல்லது பிரைம்95 சில மணி நேரம் ஓட விடுங்கள். நிற்கும் அந்த விளையாட்டையும் திறந்து பாருங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் வன்பொருள் பிழையைக் குறிக்கும், டபிள்யூஎச்இஏ என்று தொடங்கும் எச்சரிக்கைகள் விழுகின்றனவா என்று தேடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் நன்றாக இருக்கும்போதே வீடியோ நினைவகம் போதவில்லை என்று சொல்லி விளையாட்டு மூடிக்கொள்வது, இந்தக் கோளாறின் அறியப்பட்ட அடையாளங்களில் ஒன்று.

ஒன்றும் நேரவில்லையென்றால் உங்கள் புரொசெசர் நலமாக இருக்கிறது. 5.6ஐ மறந்துவிட்டு, எதிர்த்திசையில் போங்கள்: பயோஸில் மின் எல்லையை 181இலிருந்து 140, 150 வொட் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். விளையாட்டில் வேகம் அநேகமாகக் குறையாது. காற்றாடிகளின் சத்தம் குறையும். அறையும் அவ்வளவு கொதிக்காது. கொழும்பில் நான் பூட்டிக் கொடுக்கும் கணினிகளில் இதைத்தான் செய்து கொடுக்கிறேன். அடுத்த முறை வாங்கும்போது 'கே' இல்லாத புரொசெசரும் பி வரிசை மதர்போர்ட்டும் எடுத்தால், மிஞ்சும் காசைக் கிராபிக்ஸ் கார்ட்டில் போடலாம். பெருக்கியைத் தொட விரும்புகிறவருக்குத்தான் இசட் வரிசை தேவை. ஏஎம்டியில் பி650 போன்ற மதர்போர்ட்டுகளே அதற்கும் இடம் கொடுக்கின்றன.

இயல்பு அமைப்பிலும் நின்றால், புரொசெசர் மாற்றப்பட வேண்டியது. பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். ஓவர்க்ளொக் செய்தேன், 5.6 வரவில்லை என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அது உண்மையான முறைப்பாட்டை மூடி மறைத்துவிடும், உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்கு வழியும் கொடுக்கும். புதிய பயோஸ், இயல்பு அமைப்பு, இந்தச் சோதனை, இந்தப் பிழை என்று படங்களோடு காட்டுங்கள். முன்பு வேகத்தை ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். நீங்கள் வாங்கியது பெட்டியில் வந்ததா, பெட்டியில்லாமல் வந்த டிரே வகையா என்பதையும் பாருங்கள். பெட்டியில் வந்ததற்கு இன்டெலிடமே நேரடியாக முறையிடலாம். டிரே வகைக்கு இன்டெல் உங்களை விற்றவரிடமே திருப்பி அனுப்பும். அப்போது கடை எழுதிக் கொடுத்த உத்தரவாதம் மட்டுமே உங்கள் கையிலிருக்கும்.

5.6 போகும் என்று கடையில் சொன்னது வாய்ச்சொல். பொருளைப் பற்றிப் பிழையான உறுதி சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பற்றுச்சீட்டில் ஒரு வரி இல்லாவிட்டால் அதை நிரூபிப்பது மிகக் கடினம். வேகத்தைச் சொல்லி விற்பவரிடம், சொன்னதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுத மறுத்தால் அந்த வேகத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். இயல்பு வேகத்திலேயே நிற்கும் புரொசெசரைக் கடை ஏற்க மறுத்தால், அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். நீங்கள் எப்போது வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. சோதனையைத் தொடங்குவதற்கு முன் பற்றுச்சீட்டின் திகதியைப் பாருங்கள்.